ஒரே உயரம், வேறு வேறு நீளங்கள்: பனிச்சறுக்குக் கோலை அளந்து தெரிவது எப்படி?

170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் ஒஸ்லோவில் உள்ள விளையாட்டுப் பொருட் கடையொன்றுக்குப் போய், பனிச்சறுக்குக் கோல் வேண்டும் என்று மட்டும் கேட்டால், விற்பனையாளர் அவருக்கு 120 சென்ரிமீற்றர் நீளமான கோலையும் எடுத்துக் கொடுக்கலாம், 140 நீளமானதையும் கொடுக்கலாம், 150க்கு மேற்பட்டதையும் கொடுக்கலாம். மூன்றும் அந்த உயரத்துக்குச் சரியான கோல்களே. ஆனால் அவர் எந்த வகைச் சறுக்கலுக்குப் போகிறார் என்பதைப் பொறுத்து அவற்றில் ஒன்று மட்டுமே அவருக்குப் பயன்படும்; மற்ற இரண்டும் கைக்கும் தோளுக்கும் சுமையாகிவிடும். நோர்வேயில் வாழும் நம்மவர்கள் பலர், பாடசாலை ‘ஷீதாக்’ எனப்படும் சறுக்கு நாளை அறிவித்த பிறகு அவசரமாகக் கடைக்குப் போகிறார்கள். சறுக்குப் பலகையைக் கவனமாகத் தெரிந்து, சப்பாத்தை இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, கோலை மட்டும் கடைசி நிமிடத்தில் கைக்கு எட்டியதாக எடுத்துவிடுகிறார்கள். இங்கு ‘ஸ்தாவ்’ என்று அழைக்கப்படும் அந்தக் கோல், நெடுந்தொலைவுச் சறுக்கலில் உடலை முன்னே தள்ளும் விசையில் பெரும் பங்கைத் தருவது என்பதால், அதன் நீளத்துக்கும் பலகைக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் 168 சென்ரிமீற்றர் உயரமுள்ளவன். இங்கு வந்த முதற் குளிர்காலத்தில், பழைய பொருட் சந்தையொன்றில் 155 சென்ரிமீற்றர் நீளமான கோல்களை வாங்கி, கிளாசிக் எனப்படும் நெடுந்தொலைவு நடைக்குரிய தடத்தில் பயன்படுத்தினேன். தைமாதம் முடிவதற்குள் இரண்டு தோள்களிலும் கழுத்திலும் நோவு வந்துவிட்டது; பயிற்சி போதாமையே காரணம் என்று நம்பி இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தேன். அந்தக் கோல் என் உயரத்தில் 92 வீதத்துக்கும் சற்று அதிகம் என்பதையும், கிளாசிக் நடைக்கு அது பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் நீளமானது என்பதையும் அடுத்த ஆண்டுதான் ஒருவர் அளந்து காட்டினார்.

நீளங்கள் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் கோல் செய்யும் வேலைதான். மலைச்சரிவில் கீழ்நோக்கிச் செல்லும் அல்பைன் சறுக்கலில் வேகத்தைத் தருவது சரிவு. கோல் திருப்பத்தின் தருணத்தைக் குறிக்கவும் சமநிலையைக் காக்கவும் மட்டுமே உதவுகிறது. ஆகவே அது முழங்கை உயரத்துக்கு வந்தால் போதும். சமநிலத்திலும் ஏற்றத்திலும் செல்லும் நெடுந்தொலைவுச் சறுக்கலிலோ, கையால் ஊன்றித் தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் முன்னேற்றமாக மாற வேண்டும் என்பதால், கோல் அக்குளையும் தோளையும் எட்டுகிறது. பலகையைப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் ஸ்கேற்றிங் முறையில் நாடியையும் தாண்டி உதடுவரை போகிறது.

அல்பைன் கோலைத் தெரிவது இவற்றுள் மிக எளிதானது. சறுக்குச் சப்பாத்தை அணிந்து நின்று, கோலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியின் உச்சியைத் தரையில் ஊன்றி, நுனிக்கு அருகிலுள்ள வட்டத் தட்டுக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். அப்போது முழங்கை செங்கோணத்தில் மடிந்திருந்தால் நீளம் சரி. தலைகீழாகத் திருப்புவதற்குக் காரணம், சரிவில் தட்டுக்குக் கீழுள்ள பகுதி பனிக்குள் புதைந்துவிடும் என்பதே. கணக்காகச் சொன்னால், சென்ரிமீற்றரில் உள்ள உயரத்தை 0.7 ஆல் பெருக்க வேண்டும்: 160க்கு 112, 170க்கு 119, 180க்கு 126. அல்பைன் கோல்கள் பெரும்பாலும் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் விற்கப்படுவதால், இவர்களுக்கு முறையே 110, 120, 125 கிடைக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்பவர் குறுகியதை எடுப்பதே நல்லது. நீளமான கோல் ஊன்றும்போது கையையும் தோளையும் மேலே தூக்கி, உடலின் பாரத்தைக் குதிகாலுக்குத் தள்ளிவிடும். பாரம் பின்னே போனால் பலகையின் முன்பகுதி பனியைப் பற்றாது, திருப்பம் கைவிட்டுப் போகும். குறுகிய கோலால் சிறிது குனிய வேண்டியிருக்கும், அவ்வளவே. மேடுபள்ளச் சரிவுகளில் விளையாடுவோர் வேண்டுமென்றே இன்னும் ஐந்து சென்ரிமீற்றர் குறைவாக எடுப்பதும் இதனால்தான்: ஒவ்வொரு மேடும் தரையைக் கைக்கு அருகில் கொண்டுவந்துவிடுகிறது. ஒஸ்லோவுக்கு மேலேயுள்ள த்ரிவான் சரிவுகளுக்கு ஆண்டில் ஓரிரு முறை மட்டும் போகும் குடும்பத்துக்கு இதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை. வாடகைக் கோலே போதுமானது.

சிக்கல் கிளாசிக் நடையில்தான் தொடங்குகிறது. நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் கற்பதும் அதுவே. ஒஸ்லோவுக்கு வடக்கேயுள்ள நோர்ட்மார்க்காக் காட்டில், 1883 இல் தொடங்கப்பட்ட ஷிஃபொரெனிங்கன் என்ற சங்கம் இயந்திரத்தால் இழுத்துவைக்கும் இரட்டைத் தடங்களில், ஒரு காலும் எதிர்க் கையும் மாறி மாறி முன்னே வரும் நடை அது. அதற்குரிய கோல் நீளத்தைக் கணிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. உயரத்திலிருந்து 30 சென்ரிமீற்றரைக் கழிப்பது பழைய வழி. உயரத்தை 0.83 ஆல் பெருக்குவது இரண்டாவது. 0.85 ஆல் பெருக்குவது மூன்றாவது. கடையில் எவர் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு வெவ்வேறு கோல்கள் கிடைக்கும் என்பதால், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

கழித்தல் வழியின் குறையை நான் என் வீட்டிலேயே கண்டேன். 176 சென்ரிமீற்றருக்கு அண்மையில் உயரமுள்ளவருக்கு, 30 ஐக் கழித்தாலும் 0.83 ஆல் பெருக்கினாலும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். நோர்வே ஆண்கள் பலர் அந்த உயரத்தைச் சுற்றியும் அதற்கு மேலும் இருப்பதால், இந்த வழி அவர்களிடம் பழுதில்லாமல் வேலை செய்கிறது. உயரம் குறையக் குறைய, கழிக்கும் 30 மாறாமல் நிற்பதால், கோல் உடலுக்கு ஒப்பளவில் மேலும் மேலும் குட்டையாகிறது. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்குக் கழித்தல் வழி 120 ஐத் தரும், அதாவது உயரத்தில் 80 வீதம். பெருக்கல் வழிகளோ 124.5 ஐயும் 127.5 ஐயும் தரும். என் மனைவி 154 சென்ரிமீற்றர். கழித்தல் வழியில் வந்த 124ஐக் கருதி 125 நீளமான கோலை வாங்கினோம். இரண்டு மணிநேரத்துக்குள் இடுப்பு நொந்து, குனிந்தபடியே நடந்து திரும்புவார். 0.83 அவருக்கு 128 அளவையும் 0.85 ஏறத்தாழ 131 ஐயும் தருகின்றன. 130க்கு மாறியதும் முதுகு நிமிர்ந்தது. அதே தடத்தில் அதே தூரத்தை அவர் களைப்பின்றி முடிப்பதைப் பார்த்தேன். நம் பெண்களில் பலர் 150க்கும் 160க்கும் இடைப்பட்ட உயரத்தினர் என்பதால், அவர்களுக்குக் கழித்தல் வழியை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் 0.83 ஆ, 0.85 ஆ? 83 வீதம் என்ற எண் போட்டி விதியாகவும் உள்ளது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2016–17 பருவத்திலிருந்து, தன் கிளாசிக் போட்டிகளில் கோலின் நீளம், சப்பாத்துடன் அளந்த உயரத்தில் 83 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. இரண்டு கைகளையும் ஒருசேர ஊன்றி உடலை மடித்துத் தள்ளும் ‘ஸ்தாக்கிங்’ முறையை மட்டுமே கொண்டு வீரர்கள் முழுப் போட்டியையும் முடிக்கத் தொடங்கியிருந்ததே அதற்குப் பின்னணி. சுவீடனில் சாலென் முதல் மூரா வரை 90 கிலோமீற்றர் தூரம் நடக்கும் வாசாலோப்பெத் போட்டியில் முன்னணி வீரர்கள், ஏற்றத்தில் காலுக்குப் பற்றுத் தரும் மெழுகைப் பூசாமலே, தோளின் வலுவால் மட்டும் தூரத்தைக் கடந்தார்கள். ஸ்தாக்கிங்குக்கு நீளமான கோல் பெரும் உதவி: ஊன்றும் இடத்திலிருந்து கை பின்னே போய் விடுபடும் வரை தள்ளும் தூரம் கூடுகிறது, உடலும் அவ்வளவு தாழ மடிய வேண்டியதில்லை. கோல் நீண்டுகொண்டே போனால் கிளாசிக் நடையே மறைந்துவிடும் என்ற அச்சத்தில் விதி வந்தது.

பொழுதுபோக்காகச் செல்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் அது தோன்றிய காரணம் நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி எதிர்க்கை எதிர்க்கால் நடையில் கழிகிறதா, இரு கை ஊன்றலில் கழிகிறதா என்று பாருங்கள். முதல் நடையில், கோல் ஊன்றும் கணத்தில் நுனி முன்காலின் அருகே, சற்றுப் பின்னே சாய்ந்து விழ வேண்டும். கோல் நீளமானால் கை முகத்துக்கு மேலே உயர்ந்து, நுனி இன்னும் பின்னே போய், தள்ளலின் தொடக்கத்தையே இழக்கிறோம். ஏற்றத்தில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் முன்னேயுள்ள தரை நம்மை நோக்கி உயர்ந்து வருகிறது. சொங்ஸ்வான் ஏரியிலிருந்து காட்டுக்குள் ஏறும் தடங்கள் பெரும்பாலும் ஏற்ற இறக்கமுள்ளவை. அவற்றில் நடப்பவருக்கும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கும் 0.83 ஐயே நான் சொல்வேன். உறைந்த ஏரிகளின் மேலும் சமநிலத் தடங்களிலும் நீண்ட தூரம் போகிறவர், தோளும் வயிற்றுத் தசையும் பழகியவர், நெடும்போட்டி ஒன்றுக்கு ஆயத்தமாகிறவர் 0.85க்குப் போகலாம். 168 உயரத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மூன்றரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. சிறிதாகத் தோன்றினாலும், ஆயிரக்கணக்கான ஊன்றல்களில் தோள் அதை உணரும்.

கணக்குப் போட விருப்பமில்லாதவர் உடலைக் கொண்டே அளக்கலாம். சப்பாத்துடன் தரையில் நின்று கோலைப் பக்கத்தில் நிறுத்தினால், கைவார் கைப்பிடியிலிருந்து வெளிவரும் இடம் அக்குளுக்கும் தோளெலும்பின் உச்சிக்கும் இடையில் வர வேண்டும். கீழ்ப்பக்கம் என்றால் கற்பவருக்கு ஏற்றது, உச்சிக்கு அருகில் என்றால் இரு கை ஊன்றுவோருக்கு ஏற்றது. கோலின் உச்சியைவிடக் கைவாரின் இடத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விசை கைவாரின் வழியாகவே கோலுக்குள் இறங்குகிறது. கைப்பிடிகளின் வடிவம் வேறுபடுவதால், ஒரே எண் எழுதப்பட்ட இரு நிறுவனக் கோல்களில் அந்த இடம் சற்று மேலும் கீழுமாக இருக்கலாம். வாங்கு முன் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. கைவார் தளர்ந்து கிடந்தாலும் கோல் குட்டையானதுபோல் தோன்றும். ஆகவே வீட்டிலிருக்கும் கோலை மாற்ற நினைப்பவர் முதலில் வாரை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்கேற்றிங் முறை வரலாற்றில் பிந்தியது. அமெரிக்க வீரர் பில் கொக், ஒரு பலகையைத் தடத்துக்கு வெளியே பக்கவாட்டில் உதைக்கும் முறையைப் பயன்படுத்தி 1982 இல் உலகக் கிண்ணத்தை வென்றார். அதன் பின் அந்த முறை வேகமாகப் பரவியதால் போட்டிகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. 1988 கல்கரி ஒலிம்பிக்கில் இரண்டும் தனித்தனியே நடந்தன. கோலும் அதனோடு இரண்டாகப் பிரிந்தது. ஸ்கேற்றிங்கில் இரு கைகளும் பெரும்பாலும் சேர்ந்தே ஊன்றப்படுகின்றன, பலகையும் ஊன்றலுக்கிடையே நெடுந்தூரம் வழுக்கிச் செல்கிறது. ஆகவே உயரத்தில் 89 முதல் 90 வீதம் வரையான நீளம் பொருந்துகிறது. 168 உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 150. போட்டி விதி இங்கே தளர்வானது, உடலின் முழு உயரம் வரை அனுமதிக்கிறது. ஆயினும் செங்குத்தான ஏற்றத்தில், ஒரு பக்கக் கோல் மட்டும் நேராக நிற்கும் ‘பாட்லிங்’ முறையில், மிக நீண்ட கோல் கையைத் தலைக்கு மேல் இழுத்துச் சோர்வடையச் செய்யும். தொடக்கத்தில் 89 போதும்.

இரண்டையும் செய்ய விரும்பி, ஒரே ஒரு சோடிக் கோலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என்ன செய்வது? என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நடுவில் ஓர் அளவை எடுப்பது பொதுவான யோசனை. என் உயரத்துக்கு அது 145. நான் அதை ஏற்கமாட்டேன். 145 என் கிளாசிக் நடையைக் கெடுக்கும், ஸ்கேற்றிங்குக்கும் முழுமையாகப் போதாது. கிளாசிக் அளவிலேயே வாங்கி, ஸ்கேற்றிங்கின்போது சிறிது கூடுதலாக மடிவதைப் பொறுத்துக்கொள்வதே மேல். குறுகிய கோலோடு ஸ்கேற்றிங் செய்தால் சமநிலத்தில் வேகம் குறையும், உடலுக்குத் தீங்கில்லை. நீண்ட கோலோடு கிளாசிக் நடந்தால் என்ன ஆகும் என்பதை என் தோள்கள் அறியும்.

நீளத்தை மாற்றக்கூடிய கோல்கள் இந்தச் சிக்கலுக்கு விடையாகத் தோன்றும். ஹர்தாங்கர்வித்தா, யொத்துன்ஹெய்மன் போன்ற மலைப்பகுதிகளில் முதுகுப்பையுடன் பல நாள் செல்பவருக்கு அவை உண்மையிலேயே சிறந்தவை: நீண்ட சமநிலத்தில் நீட்டலாம், செங்குத்தான ஏற்றத்திலும் இறக்கத்திலும் குறைக்கலாம், ஒன்று உடைந்தால் குடும்பத்தில் இன்னொருவருடையதைத் தம் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது வெளியே நெம்பிப் பூட்டும் வகையை எடுங்கள். உள்ளே திருகிப் பூட்டும் வகையில் ஈரம் புகுந்து உறைந்தால், ஊன்றும்போது கோல் தானாகவே உள்ளிறங்கும். இழுத்த தடங்களுக்கு மட்டும் இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பூட்டும் இரட்டைக் குழாயும் சேர்ந்து பாரத்தைக் கூட்டுகின்றன. கையின் முனையில் ஆடும் பாரம் என்பதால் தசை அதை விரைவில் உணர்கிறது. மலையில் இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும்: இழுக்காத மென்பனியில் கோல் ஆழமாகப் புதைகிறது. பலர் அதற்காக நீண்ட கோலைத் தேடுகிறார்கள். அகலமான தட்டைப் பொருத்துவதே சரியான தீர்வு, செலவும் மிகக் குறைவு.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது நம் வழக்கம் ஒன்றோடு மோத வேண்டியிருக்கிறது. வளரும் பிள்ளைதானே என்று உடுப்பைப்போல ஓர் அளவு பெரிதாக வாங்குகிறோம். கோலில் அது பிழை. நீண்ட கோலைப் பிடிக்கும் பிள்ளை கைகளைப் பக்கவாட்டில் அகல விரித்து, உடலின் நடுவிலிருந்து விலகியே ஊன்றப் பழகும். பிறகு அதைத் திருத்த இரண்டு குளிர்காலம் ஆகலாம். நான்கு, ஐந்து வயதுவரை கோலே வேண்டாம், கை வெறுமையாக இருந்தால்தான் சமநிலை காலில் பழகும். இங்குள்ள சிறுவர் வகுப்புகளிலும் அவ்வாறே தொடங்குகிறார்கள். அதன் பின் அக்குள் உயரமே பிள்ளைக்குப் போதும், அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் கேடில்லை. ஆண்டுக்கு ஆறு சென்ரிமீற்றர் வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஐந்து சென்ரிமீற்றர் நீண்ட கோல் தேவைப்படும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்குவதில் பொருளில்லை. விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் தரும் ‘பூஆ’ நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. பிள்ளையையும் சப்பாத்தையும் அங்கே கொண்டுபோய், நிறுத்தி அளந்து, ஒரு வாரத்துக்கு எடுத்துச் சென்று பார்க்கலாம். பெரியவர்களும் இரண்டு நீளங்களை அங்கிருந்து எடுத்து, ஒரே தடத்தில் அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்திப் பார்த்த பின் வாங்குவது, எந்தச் சூத்திரத்தையும்விட நம்பத்தக்கது.

பெரியவருக்கு வாங்கும்போது இரண்டு அளவுகளுக்கிடையில் தயக்கம் ஏற்பட்டால், அல்பைனில் குறுகியதை எடுக்கச் சொன்ன நான், நெடுந்தொலைவுக் கோலில் நீளமானதை எடுக்கச் சொல்வேன். முரண்போலத் தோன்றலாம், காரணம் எளியது. நெடுந்தொலைவுக் கோலின் கைப்பிடி பெரும்பாலும் சூட்டில் இளகும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை நீர் புகாத உறையில் சுற்றிக் கொதிநீரில் சில நிமிடம் வைத்தால் அது கழன்றுவரும். கோல் நுனியை நோக்கி ஒடுங்குவதால் வெட்டுவது எப்போதும் மேல் முனையில்தான். வெட்டும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றி, நுண்பல் வாளால் மெதுவாக அறுக்க வேண்டும். காபன் கோலானால் அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம். ஒரே தடவையில் முழுவதையும் வெட்டிவிடாமல், ஒரு சென்ரிமீற்றர் குறைத்து, கைப்பிடியைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஏற்றமுள்ள தடத்தில் ஒரு நாள் போய் வாருங்கள். கை முகத்துக்கு மேல் எழுவது நின்று, நுனி காலருகே விழத் தொடங்கியதும் பசையிட்டு ஒட்டிவிடலாம். 142.5 இல் வாங்கிய என் கோல்கள் அப்படி இருமுறை வெட்டப்பட்டு, இப்போது 140.5 இல் நிற்கின்றன.